இரண்டு கோயம்புத்தூர்

மேட்டூர் அணையின் மாதவாரி நீர்மட்டத்தை ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். 120 அடியில், அணை நிரம்பியதைக் காட்டும் கிடைக்கோடு. ஜூன் 12-இல், டெல்டாவுக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளுக்கு ஒரு செங்குத்துக்கோடு. நீர்மட்டம் நீல நிறத்தில் ஏறி இறங்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியும் அதில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப் நூலகமும் தெரிந்தவர்களுக்கு அரை மணி நேர வேலை. எனக்கும் அரை மணி நேரத்தில் கோடுகள் வந்துவிட்டன. தலைப்பு மட்டும் வரவில்லை. ‘மேட்டூர் அணை நீர்மட்டம்’ என்று எழுதிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நின்றன.

முனையத்தில் இரண்டு வகை எச்சரிக்கைகள் வந்திருந்தன. 2990 என்ற எண்ணுள்ள எழுத்து தெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் இல்லை என்றது ஒன்று. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யுனிகோடு முறையில் 2990 என்பது மகரம். தெஜாவூ மேட்பிளாட்லிப்புடன் கூடவே வரும் எழுத்துரு. அதில் தமிழ் கிடையாது. மற்ற எச்சரிக்கை இன்னும் வெளிப்படையானது: மேட்பிளாட்லிப் தற்போது தமிழை இயல்பாக ஆதரிக்கவில்லை.

எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினேன். கட்டங்கள் போய்விட்டன. எச்சரிக்கைகளும் போய்விட்டன. தலைப்பில் தமிழ் வந்தது. ஆனால் எப்படிப்பட்ட தமிழ்! மகரம் முன்னால் நிற்க, அதன் இரட்டைக்கொம்பு பின்னால் போய் நின்றது. ‘அணை’யில் ணகரத்தைத் தாண்டி இணைக்கொம்பு விழுந்து கிடந்தது. மாதப் பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டில் நான்கு, அதாவது மே, ஜூலை, செப்டம்பர், அக்டோபர் ஆகியவை, பார்த்தவுடனே தெரியும்படி உடைந்திருந்தன. அக்டோபரின் டகரத்துக்குப் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்து தனியே நின்றன. நடுவில் எழுத்து இல்லை.

எச்சரிக்கை ஏன் நின்றது என்று மூல நிரலில் தேடினேன். ஹீப்ரு, அரபி தொடங்கி சிங்களம் வரை சில எழுத்து முறைகளின் எண் எல்லைகள் அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. ஆனால் அந்தப் பட்டியல், எழுத்துருவில் ஒரு வடிவம் இல்லாதபோது அழைக்கப்படும் செயற்கூறுக்குள் இருக்கிறது. எழுத்துருவில் மகரம் கிடைத்துவிட்டால் அந்தச் செயற்கூறு அழைக்கப்படுவதே இல்லை. ஆகவே எழுத்து அறவே இல்லாதபோது எச்சரிக்கை வரும். எழுத்து உடைந்து வரும்போது வராது. அதற்குப் பிறகு நான் செய்த வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தோடுதான் நடந்தது: பிழை அப்படியே இருக்க, சத்தம் மட்டும் நின்றுபோவது.

உடைவதற்கான காரணம் எளிது. யுனிகோடு தமிழை ஒலி வரிசையில் சேமிக்கிறது. ‘மே’ என்றால் முதலில் மகரம், பிறகு ஏகாரக் குறி. கையால் எழுதும்போதும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் வரிசை நேர்மாறு: கொம்பை அடித்துவிட்டுத்தான் மகரத்தை அடிக்க வேண்டும். ஒலி வரிசையில் வந்ததைப் பார்வை வரிசைக்கு மாற்றிக் கொடுக்க இடையில் ஒரு நிரல் வேண்டும். உலாவியில் அந்த வேலை நடக்கிறது, கைபேசியில் நடக்கிறது. மேட்பிளாட்லிப் நான் பயன்படுத்திய பதிப்பில் எழுத்துருவிலிருந்து வடிவங்களை எடுத்துத் தரும் ஃப்ரீடைப் நூலகத்திடம் ஒவ்வோர் எழுத்தாக வாங்கி இடமிருந்து வலமாக அடுக்கியது. ஆங்கிலத்துக்கு அது போதும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஜான் ஹண்டர் மேட்பிளாட்லிப்பை எழுதத் தொடங்கியது சிகாகோவில், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்பதற்காக. 2003-இல் முதல் பதிப்பு வந்தது. 2012-இல் அவர் இறந்த பிறகும் உலகெங்கும் தன்னார்வலர்கள் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். தன் தேவைக்கு ஒருவர் எழுதியதை எல்லோரும் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டதுதான் அதன் வரலாறு. நானும் வளைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வேறு வழிகள் இல்லாமலில்லை. தமிழில் வரைபடம் போடுகிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்லிவிடுகிறேன். எஸ்விஜி கோப்பாகச் சேமிக்கும்போது எழுத்தைக் கோடுகளாக மாற்றாமல் எழுத்தாகவே விட்டுவைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அப்படிச் செய்தால் உலாவி கொம்பைச் சரியான இடத்தில் போட்டுக்கொள்ளும். ஆனால் லேபிளின் அகலத்தை மேட்பிளாட்லிப் தன் கணக்கில்தான் அளந்திருக்கும் என்பதால் நடுவில் நிற்க வேண்டிய தலைப்பு சற்று ஒதுங்கும். ஸீலாட்டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாகப் பிடிஎஃப் எடுக்கலாம். சரியாகவே வரும், நேரம் பிடிக்கும். கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தைக் கொண்டு மேட்பிளாட்லிப்புக்காக வரையும் எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப் பின்தளம், எழுத்துகளைக் கோக்கும் ரக்ம் நூலகத்தின் துணையோடு இந்திய எழுத்துகளைச் சரியாக வரையும். எனக்கு வேண்டியது, எந்தக் கணினியிலும் கெய்ரோ நிறுவாமல் பிஎன்ஜி கோப்பாக எடுத்துக் கைபேசியில் அனுப்பக்கூடிய ஒன்று. அதனால் சிறியதாக ஒரு துணை நூலகம் எழுதினேன். கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டேன். இந்தப் பதிவு அதைப் பராமரித்த கதை.

முதல் முயற்சி வெறும் இருபது வரி. எழுத்துத் தொடரை வாசித்து, ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ இணைக்கொம்போ வந்தால் முந்தைய எழுத்தோடு இடம் மாற்றுவது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வந்தால் இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னும் மற்றதைப் பின்னும் வைப்பது. ‘மே’ சரியாக வந்தது. ‘அக்டோபர்’ சரியாக வந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ‘தீக்ஷை’ என்ற சொல்லைக் கொடுத்தேன். இணைக்கொம்பு க்-கும் ஷ-வுக்கும் நடுவே போய் உட்கார்ந்தது. க்ஷ ஓர் எழுத்தாகச் சேர்ந்துவிடுவதால் கொம்பு அதற்கும் முன்னால் வர வேண்டும். அப்படியானால் புள்ளி வைத்த எழுத்தையும் தாண்டலாமா? ‘நட்பை’ என்ற சொல்லில் தாண்டக் கூடாது. அங்கே கொம்பு பகரத்துக்கு முன்னால்தான். சரி, க்ஷ-வுக்கு மட்டும் ஒரு விலக்கு எழுதலாம். ஆனால் கு, டு, து, ணு? உகரம் ஏறும்போது எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. எந்த வடிவம் என்பது எழுத்துருவுக்குள் இருக்கிறது, என் நிரலுக்குத் தெரியாது. 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு லை, ணை, னை போன்றவற்றுக்கு யானைத் துதிக்கை போன்ற வளைவு இருந்தது. அந்தப் பழைய வடிவம் உள்ள எழுத்துருவை ஒருவர் பயன்படுத்தினால் அங்கே இணைக்கொம்பே கிடையாது. எழுத்துருவைக் கேட்காமல் தமிழை அடுக்க முடியாது என்று அப்போது புரிந்தது. இருபது வரிகளையும் அழித்தேன்.

இரண்டாம் முயற்சி ஹார்ஃப்பஸ். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரேஆஃபீஸ் எல்லாவற்றிலும் எழுத்தைக் கோத்துக் கொடுப்பது இந்த நூலகம்தான். எழுத்துத் தொடரையும் எழுத்துருவையும் கொடுத்தால், எந்த வடிவம், அடுத்த வடிவத்துக்கு எவ்வளவு நகர வேண்டும், இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு விலக்கி வரைய வேண்டும், இந்த வடிவம் மூலத் தொடரில் எந்த எழுத்திலிருந்து வந்தது என்று பட்டியல் தரும். ‘மேட்டூர்’ என்ற சொல்லில் எட்டு யுனிகோடு எண்கள் இருக்கின்றன. என் எழுத்துருவில் அவை ஏழு வடிவங்களாக வெளியே வந்தன: கொம்பு, மகரம், டகரம், புள்ளி, டூ, ரகரம், புள்ளி. கொம்பு முதலில் நின்றது. அந்தப் பட்டியலை முதன்முறை திரையில் பார்த்தபோது என் தாத்தா தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் தட்டும் ஓசை காதில் கேட்டது.

வடிவங்களின் எல்லைக்கோடுகளை எடுத்து மேட்பிளாட்லிப்பின் பாதைப் பொருளாக மாற்றி வரைந்தேன். எல்லாம் சரி, புள்ளிகளைத் தவிர. ‘நீர்மட்டம்’ என்பதில் ரகரத்தின் புள்ளி மகரத்தின் தோளில் ஏறியிருந்தது. அகலமான எழுத்துகளில் வேறு பக்கம் ஒதுங்கியது. ஒரு மாலை முழுதும் எழுத்துருவைச் சந்தேகித்தேன். பிழை என்னுடையது: நகர்வு எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன், விலகல் எண்ணைச் சேர்க்கவே இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துகளுக்கு விலகல் பூஜ்யம் என்பதால் அந்தத் தவறு புள்ளியில் மட்டும் தலைகாட்டியது. இரண்டு கூட்டல் குறிகளில் சரியாகிவிட்டது.

இன்னொரு பிழையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுத்துருக்கள் தங்களுக்குள் ஓர் அளவுக் கட்டத்தை வைத்திருக்கின்றன. சிலவற்றில் ஓர் எழுத்துச் சதுரத்துக்கு 1000 அலகு, சிலவற்றில் 2048. நான் 1000 என்று நேரடியாக எழுதிவைத்திருந்தேன். வேறு எழுத்துரு வைத்திருந்த ஒருவருக்கு எழுத்துகள் இரண்டு மடங்கு பெரிதாக வந்தன. இது நல்ல பிழை. யாருடைய கண்ணுக்கும் தப்பாது, யாரையும் ஏமாற்றாது, எழுத்துருவிடமே அளவைக் கேட்டால் தீர்ந்துவிடும்.

அடுத்து வந்தது அதைவிடத் தொந்தரவானது. கிடை அச்சில் மாதப் பெயர்கள் ஒரே வரியில் நிற்கவில்லை. ‘மே’ சற்று மேலே, ‘ஜூன்’ சற்று கீழே, ‘ஆகஸ்ட்’ அதே கீழ் வரியில். பார்த்தவர்களுக்கு எங்கே தவறு என்று சொல்லத் தெரியாது; ஆனால் வரைபடம் ஒழுங்கற்றதாகத் தோன்றும். அப்படி ஒருவர் அனுப்பிய படத்தை மிகவும் பெரிதாக்கி, எழுத்துகளின் அடியில் ஒரு கோடு வரைந்து பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. அச்சின் கீழ் நிற்கும் லேபிள்கள் தங்கள் மேல் விளிம்பால் கட்டப்படுகின்றன. நான் மேல் விளிம்பாக எடுத்துக்கொண்டது மை படிந்த இடத்தின் உச்சி. புள்ளி உள்ள சொல்லுக்கு உச்சி உயரம், அதனால் சொல் முழுவதும் கீழே இறங்குகிறது. புள்ளி இல்லாத ‘மே’ மேலே ஏறிவிடுகிறது.

மேட்பிளாட்லிப் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தபோது ஓர் அழகான தந்திரம் கிடைத்தது. எந்தச் சொல்லை அளந்தாலும் அதன் உயரம், ஆங்கிலச் சிறிய எழுத்துகளான எல் (l), பி (p) இரண்டும் சேர்ந்த ஒரு துண்டின் உயரத்துக்குக் குறையாமல் அது பார்த்துக்கொள்கிறது. எல் மேலே நீள்கிறது, பி கீழே இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் அந்த எழுத்து முறையின் வழக்கமான எல்லை கிடைத்துவிடுகிறது. யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் செய்த சிறிய, சிக்கனமான தீர்வு. தமிழுக்கு அதே போல் ஒரு ஜோடி தேவைப்பட்டது. என்னிடம் இருந்த எழுத்துருக்களில் எல்லா உயிர்மெய்களையும் அளந்து பார்த்தேன். மேலே ‘கீ’, கீழே ‘தூ’ என்று முடிவு செய்தேன். இப்போது என் நூலகம் எந்தத் தமிழ் லேபிளையும் அளப்பதற்கு முன் ‘கீதூ’ என்ற பொருளற்ற சொல்லை ஒருமுறை அளந்துகொள்கிறது. மாதப் பெயர்கள் வரிசையில் நிற்கின்றன.

இனி கோயம்புத்தூருக்கு வருகிறேன்.

ஓர் ஆய்வு மாணவி எழுதியிருந்தாள்: ‘அக்கா, கோயம்புத்தூர் இரண்டு தடவை வருகிறது. என் அட்டவணையில் ஒரே ஒரு கோயம்புத்தூர்தான் இருக்கிறது. ஈரோடும் அப்படித்தான். நான் ஏதாவது தவறு செய்கிறேனா?’

மாவட்டவாரி மழையளவு. தென்மேற்குப் பருவமழைக்கு ஓர் அட்டவணை, வடகிழக்குப் பருவமழைக்கு ஓர் அட்டவணை. இரண்டும் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தவை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பட்டை வரைபடம் போட்டிருந்தாள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். அவள் படத்தில் பட்டைகளை எண்ணினேன். 41.

மூன்று அதிகம். எவை என்று தேடினேன்: கோயம்புத்தூர், ஈரோடு, புதுக்கோட்டை. இந்த மூன்றுக்கும் இரண்டிரண்டு பட்டைகள். ஒன்றில் தென்மேற்கு மழை மட்டும், மற்றொன்றில் வடகிழக்கு மழை மட்டும். பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை முறை பார்த்தாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. எழுத்துப் பிழையா என்று ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன், இல்லை.

ஏன் இந்த மூன்று மட்டும் என்பதுதான் என்னைக் குடைந்தது. கொங்கு நாடு என்றால் திருப்பூரும் வந்திருக்க வேண்டும். நீளமான பெயர் என்றால் திருச்சிராப்பள்ளி வந்திருக்க வேண்டும். 38 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தேன். கோ, ரோ, கோ. ஓகாரக் குறி உள்ள மாவட்டப் பெயர்கள் தமிழ்நாட்டில் இந்த மூன்றுதான். அரியலூரில் தொடங்கி விருதுநகர் வரை மறுபடி சரிபார்த்தேன். வேறு ஒன்றில்கூட ஒகரமோ ஓகாரமோ ஏறிய உயிர்மெய் இல்லை.

இரண்டு கோயம்புத்தூர்களின் நீளத்தை அச்சிட்டேன். ஒன்று 13, மற்றொன்று 14. எண்களாகப் பிரித்தபோது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒன்று 2965, 3019 என்று தொடங்கியது: ககரம், ஓகாரக் குறி. மற்றொன்று 2965, 3015, 3006: ககரம், இரட்டைக்கொம்பு, கால். யுனிகோடு இரண்டையும் ஏற்கிறது. இரண்டும் சமம் என்று தன் பட்டியலிலேயே சொல்கிறது. தமிழில் இப்படி இரண்டு விதமாக எழுதக்கூடியவை நான்கு: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ஔ என்ற உயிரெழுத்து. ஹார்ஃப்பஸ் இரண்டு வழியையும் ஒரே வடிவமாக வரைகிறது. அப்படித்தான் வரைய வேண்டும். ஆனால் பட்டைகளைப் பெயர்வாரியாகப் பிரிக்கும் இடத்தில் பைத்தான் எண் வரிசையை மட்டுமே ஒப்பிடுகிறது. 13-உம் 14-உம் அதற்கு வேறு வேறு ஊர்கள்.

சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதுவரை நான் சரிசெய்த பிழைகள் எழுத்தின் அழகைக் கெடுத்தவை. இது மழையின் அளவைக் கெடுத்தது. அந்தப் படத்தை அவள் ஆய்வேட்டில் வைத்திருந்தால், வாசகர் முதல் கோயம்புத்தூரைப் பார்த்துவிட்டு ஆண்டு மழை இவ்வளவுதான் என்று நினைத்துப் போயிருப்பார். எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது. 41 பட்டைகளை யார் எண்ணப்போகிறார்கள்? அவள் எண்ணாமலே கண்டுபிடித்தாள். தன் தரவை அவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தாள்.

இது என் நூலகத்தின் பிழையா, தரவின் பிழையா என்று ஒரு கேள்வி எழுந்தது. தரவைச் சுத்தம் செய்துகொண்டு வருவது பயனரின் பொறுப்பு என்று சொல்லி அவள் அனுப்பிய பிழை அறிக்கையை மூடியிருக்கலாம். அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. தமிழ் லேபிள்களுக்காகவே எழுதிய நூலகம் இது. தமிழின் ஓர் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்தும் பிடிக்க முடியாத ஒன்றை அவள் எப்படிச் சுத்தம் செய்வாள்?

திருத்தம் ஒரே வரி என்று தோன்றும். பைத்தானோடு வரும் யுனிகோடு தொகுதியில் இயல்பாக்கும் செயற்கூறு இருக்கிறது. சேர்த்து எழுதும் வடிவத்தைக் கேட்டால் கொம்பையும் காலையும் ஒரே குறியாக மாற்றித் தருகிறது. அந்த வரியை எங்கே வைப்பது என்பதுதான் வேலையாகிவிட்டது. என் நிரலுக்குள் எழுத்து நுழைய நான்கு வாசல்கள் இருந்தன: தலைப்பு, அச்சின் பெயர், குறிவிளக்கம், பட்டைப் பெயர்கள். ஒன்றில் இயல்பாக்கி மற்றதில் விட்டால், பட்டையின் பெயரும் குறிவிளக்கத்தின் பெயரும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்காது. பயனர் தானே ‘ஈரோடு பட்டையைச் சிவப்பாக்கு’ என்று கேட்கும்போது அவர் விசைப்பலகை எந்த வடிவத்தைத் தருமோ தெரியாது. நான்கு வாசல்களையும் அடைத்து ஒரே வாசலாக்கினேன். எழுத்து உள்ளே வரும்போதே இயல்பாகிவிடும். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட மாட்டார்கள். ஒரு வரித் திருத்தத்துக்கு ஏழு கோப்புகள் மாறின.

சோதனைகளையும் எழுதினேன். பதினெட்டு மெய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒகரம், ஓகாரம், ஔகாரம்: 54 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் உள்ளே போய் ஒரே பட்டையாக வெளியே வர வேண்டும். அதோடு மூன்று மாவட்டங்களின் பெயர்களும் இருக்கின்றன. பழைய நிரலில் ஓட்டிப் பார்த்தபோது 54-உம் தோற்றன. தோற்பதைப் பார்த்த பிறகுதான் திருத்தத்தைச் சேர்த்தேன். தோற்காத சோதனையை நான் நம்புவதில்லை.

சோதனைகள் பற்றி இன்னொன்று. தொடக்கத்தில் எல்லாவற்றையும் படங்களாக ஒப்பிட்டேன்: சரியான படம் ஒன்றைச் சேமித்து வைத்து, புதிதாக வரைந்த படத்தைப் புள்ளி புள்ளியாக அதோடு கழித்துப் பார்ப்பது. மேட்பிளாட்லிப் அப்படித்தான் செய்கிறது. ஆனால் ஃப்ரீடைப் பதிப்பு மாறினால் எழுத்தின் ஓரங்கள் மயிரிழை மாறும், சோதனை தோற்கும். மேட்பிளாட்லிப் குழு இதற்காகவே பல ஆண்டுகள் 2.6.1 என்ற ஒரே ஃப்ரீடைப் பதிப்பைச் சோதனைகளுக்குப் பிடித்துவைத்திருந்தது. பல படங்களில் எழுத்தையே நீக்கிவிட்டு ஒப்பிடுவதும் உண்டு. என் நூலகத்தில் எழுத்தை நீக்கினால் ஒன்றும் மிஞ்சாது. அதனால் படங்களை விட்டுவிட்டு, வடிவ எண்களையும் இடங்களையும் ஒப்பிடத் தொடங்கினேன். எழுத்துரு புதுப்பிக்கப்பட்டால் வடிவ எண்களும் மாறும் என்பதால், உரிமம் அனுமதிக்கும் எழுத்துரு ஒன்றின் நகலைச் சோதனைக் கோப்புறையிலேயே வைத்துவிட்டேன். படச் சோதனை ஒன்றே ஒன்று மிச்சம்: மேட்டூர் அணையின் வரைபடம்.

திருத்திய பதிப்பை வெளியிட்ட அன்று அந்த மாணவி புதிய படத்தை அனுப்பினாள். 38 பட்டைகள். எண்ணித்தான் பார்த்தேன்.

அடுத்த வாரமே ஸ்ரீரங்கம் வந்தது. வட்டவாரி அட்டவணை ஒன்றில் அது இரண்டாக நின்றது. இங்கே இயல்பாக்கம் உதவாது. ஒருவர் 3000 எண்ணுள்ள ஸகரத்தில் தொடங்கி எழுதியிருந்தார், இன்னொருவர் 2998 எண்ணுள்ள ஶகரத்தில். இரண்டும் என் எழுத்துருவில் ஒரே ஸ்ரீ வடிவமாகச் சேர்ந்துவிட்டன. யுனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். நூலகம் தானாக ஒன்றாக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பதிலாக, இரண்டு பட்டைப் பெயர்கள் எண்ணால் வேறுபட்டு வடிவ எண் வரிசையில் ஒன்றாக இருந்தால் எச்சரிக்கை எழுப்பும்படி செய்தேன். எந்த இரண்டு பெயர்கள், எந்த இடத்தில் என்ன எண்கள் என்று அது சொல்லும். தரவுக்குச் சொந்தக்காரர் முடிவு செய்யட்டும். வரைபடம் போட உட்கார்ந்த முதல் நாள் எனக்கு வராமல் போன எச்சரிக்கை இந்த வகையைச் சேர்ந்தது. இந்த நூலகத்தில் அது வர வேண்டும் என்று விரும்பினேன்.

ஔகாரத்தில் வரும் இன்னொரு சிக்கல் இதற்கும் பிடிபடவில்லை. கௌ என்று எழுத வேண்டிய இடத்தில் பலர் கெ என்று அடித்து, பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஔகாரத்தின் பின்பகுதிக்கு எழுத்துருவில் தனி வடிவம் இருப்பதால் எண் வரிசை வேறாகிவிடுகிறது. நல்ல மனதோடு ஒருவர் திருத்தம் எழுதி அனுப்பினார்: ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரக் குறியாக மாற்றிவிடுவது. நான்கு வரி, சுத்தமான நிரல், சோதனையும் எழுதியிருந்தார். அதைச் சேர்த்து, மழை, ஆறு, அணை பற்றிய என் பழைய தலைப்புகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ‘வெள்ளம்’ சிதைந்துபோயிற்று. வெள்ளகோவிலும் சிதைந்தது.

திருத்தத்தை ஏற்க முடியாததற்கான காரணத்தை, சிதைந்த இரண்டு சொற்களின் படத்தோடு அவருக்கு எழுதினேன். தமிழ் தெரிந்தவர், படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அந்த அறிக்கையை மூடாமல் திறந்தே வைத்திருக்கிறேன். மேட்பிளாட்லிப் குழு தன் எழுத்து அமைப்பு முழுவதையும் ரக்ம் நூலகத்தைக் கொண்டு மாற்றியமைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. அது நிறைவேறும் நாளில் என் நூலகத்தின் வரைகிற பாதி தேவையற்றுப் போகும்; மகிழ்ச்சியோடு அழித்துவிடுவேன். பெயர்களை ஒப்பிடும் பாதி மட்டும் இருக்கும். வெள்ளம், வெள்ளகோவில் இரண்டையும் சோதனைப் பட்டியலில் 58-ஆவது, 59-ஆவது வரிகளாகச் சேர்த்திருக்கிறேன்.